மேடை வெளிச்சம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தெருவை அடைத்து மேடை கட்டி பாஸ்கா நாடகம் (இயேசுவின் பாடுகளைச் சொல்வது) போடுகிறோம். விளக்குகளை இயக்க, வாடகைக்கு வந்த ஈயோஸ் கன்சோல். பாதி ஹாலஜன், பாதி எல்.இ.டி. பார். இடப்பக்கக் காட்சி அணைந்து வலப்பக்கம் எரியும்போது நடுவில் மேடையே ஒரு கணம் இருண்டு போகிறது. ஃபேடு (வெளிச்சம் மெல்ல ஏற, இறங்க ஆகும் நேரம்) 5 விநாடி. கூட்டியும் குறைத்தும் பார்த்தாச்சு, பலனில்லை.
– வாசகர், காசிமேடு

பதில்: நீளத்தில் கோளாறு இல்லை. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே நேரம் கொடுத்திருப்பதுதான் கோளாறு. பாதி வழியில் இரண்டு பக்கமும் 50 சதவீதத்தில் நிற்கும். ஸ்கொயர் லா டிம்மர் வளைவில் (கன்சோல் அளவின் வர்க்கத்துக்கேற்ப வெளிச்சம் வரும் முறை) 50 என்பது கால் பங்கு வெளிச்சம்தான். கால் பங்கும் கால் பங்கும் சேர்ந்தால் அரை. அந்த இருட்டு அதுதான். போதாததற்கு ஹாலஜன் இழை சூடாகக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

'க்யூ 5 டைம் 3 / 5 என்டர்' என்று அடியுங்கள். க்யூ என்பது பதிந்து வைத்த ஒரு வெளிச்ச மாற்றம், முதல் 5 அதன் எண். ஏற 3 விநாடி, இறங்க 5. இருட்டு பாதியாகக் குறையும், ஆனால் முழுக்கப் போகாது. இறங்குவதற்கு 1 விநாடி டிலேயும் (தாமதமும்) கொடுத்தால் போய்விடும். அப்போது இரண்டு காட்சியும் சற்று நேரம் சேர்ந்தே தெரியும். பழைய காட்சி ஆட்கள் அதற்குள் கலைந்து நடக்கக் கூடாது, சொல்லி வையுங்கள்.

முழு இருட்டுக்குப் போகும் க்யூ வேறு சங்கதி. ஹாலஜன் தணலாக அடங்கும், மலிவான எல்.இ.டி. கடைசியில் படி படியாகக் குதித்து 'டப்' என்று அணையும். 8 பிட் கட்டுப்பாட்டில் வெளிச்சத்துக்கு மொத்தமே 256 படி. 10 சதவீதத்திலிருந்து பூஜ்யத்துக்கு 10 விநாடி இழுத்தால், அந்த 25 படிகளில் ஒவ்வொன்றும் 0.4 விநாடி நிற்கும், கண்ணுக்குத் தெரியும். எனவே அடிமட்டத்தில் நீண்ட ஃபேடு வேண்டாம். விளக்கின் பின்பக்க மெனுவில் டிம்மர் வேகம் இருந்தால் மெதுவானதை வையுங்கள். எல்.இ.டி.க்கு மட்டும் தனி நேரம் வேண்டுமா? அந்த க்யூவில் நின்றுகொண்டு '21 த்ரூ 28 டைம் 2 என்டர்' (21 முதல் 28 வரை உங்கள் எல்.இ.டி. சேனல் எண்கள் என்று வைத்துக்கொண்டால்), பிறகு அதைப் பதிய அப்டேட். அப்டேட்டை மறந்தால் நாடகத்தன்று பழைய நேரமே ஓடும்.

ஒத்திகையைப் பகலில் முடித்துவிடாதீர்கள். இரவில் பார்த்தால்தான் புரியும்: தெருவிளக்கு வெளிச்சத்தில் ஃபேடின் கடைசி 20 சதவீதம் தெரியவே தெரியாது. 5 விநாடி ஃபேடு பார்ப்பவர்களுக்கு 4 விநாடிதான்.

கேள்வி: ஃபாலோ 3 (அடுத்த க்யூ 3 விநாடியில் தானாக ஓட) போட்டால் அடுத்த க்யூ முந்திக்கொண்டு ஓடுகிறதே?
– வாசகி, பெரம்பூர்

பதில்: ஃபாலோ, க்யூவை ஓட்டும் கோ பட்டனை அழுத்திய நொடியிலிருந்து எண்ணும். உங்கள் ஃபேடு 5 விநாடி என்றால் இன்னும் 2 விநாடி பாக்கி இருக்கும்போதே அடுத்தது கிளம்பும். ஃபேடு முடிந்த பிறகு 3 விநாடி நிற்க வேண்டுமென்றால் ஹேங் 3, அல்லது ஃபாலோ 8. நடுவில் வசனம் இருந்தால் இரண்டுமே வேண்டாம். நடிகர் ஒரு வரியை விழுங்கினால் கன்சோலுக்கு அது தெரியாது. கோ பட்டனைக் கையாலேயே அழுத்துங்கள்.