இரும்புச் சிலுவையும் யூத மருத்துவரும்

கேள்வி: ஹிட்லரின் ராணுவமே ஒரு யூத ராணுவ மருத்துவருக்கு இரும்புச் சிலுவைப் பதக்கம் அறிவித்ததாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. அப்படியானால், நாஜிகளின் யூத வெறுப்பு மிகைப்படுத்திச் சொல்லப்படுகிறது என்றுதானே பொருள்?
(ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: உங்களுக்கு வந்த செய்தி பொய்யன்று, ஆனால் அதை எழுதியவர் கதையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார். அந்த மருத்துவர் மேஜர் லியோ ஸ்கூர்னிக். அவர் ஜெர்மானியரும் அல்லர், ஃபின்லாந்துக்காரர். 1939-இல் தன் மீது படையெடுத்த சோவியத் ஒன்றியத்திடம் இழந்த நிலத்தை மீட்பதற்காக ஃபின்லாந்து 1941-இல் ஜெர்மனியோடு சேர்ந்து போரிட்டது. அதனால், அந்நாட்டு ராணுவத்தில் இருந்த சுமார் 300 யூதர்கள், தங்கள் இனத்தையே அழித்துக்கொண்டிருந்த படையின் பக்கத்தில் நின்று போர் புரியும்படி ஆயிற்று.

கீஸ்டிங்கி போர்முனையில் ஸ்கூர்னிக்கின் படைப்பிரிவுக்கு அருகில் இருந்தது நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான எஸ்.எஸ். படை. காயம்பட்டவன் யார் என்று பார்க்காமல் மருத்துவம் செய்த அவர், சோவியத் குண்டுவீச்சுக்கு நடுவே, 600-க்கும் மேற்பட்டவர்கள் கிடந்த கள மருத்துவமனையைக் காலி செய்து, சதுப்பு நிலத்தின் வழியே ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தூரம் அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவர்களில் எஸ்.எஸ். வீரர்களும் இருந்தனர். அதற்காகத்தான் பதக்கம்.

அந்தப் பதக்கம் எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? வெள்ளி விளிம்பிட்ட கறுப்புச் சிலுவை, கீழ்க்கையில் 1939 என்ற ஆண்டு, நட்டநடுவில் ஸ்வஸ்திகா. அதைத் தன் நெஞ்சில் குத்திக்கொள்ள ஸ்கூர்னிக் மறுத்துவிட்டார். தம் மேலதிகாரியிடம் அவர் சொன்ன பதிலை இந்தப் பக்கத்தில் அப்படியே அச்சிட இயலாது. மலம் கழித்த பின் துடைத்துக்கொள்ளவே அது உதவும் என்ற பொருளில் ஜெர்மானியரிடம் சொல்லச் சொன்னார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்த மேலதிகாரி ஒரு சொல்லும் குறையாமல் அதைச் சொன்னார். ஸ்கூர்னிக்கைத் தண்டிக்கத் தங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஜெர்மன் தரப்பு கேட்டபோது, முடியாது என்று மறுத்தவரும் அவரே. அதே பதக்கம் கேப்டன் சலமோன் கிளாஸ், செவிலி டீனா பொல்யாகோஃப் ஆகிய இரண்டு ஃபின்லாந்து யூதர்களுக்கும் அறிவிக்கப்பட்டது, அவர்களும் வாங்கவில்லை. பதக்கம் அறிவிக்கப்பட்ட மூவரும் மறுத்தார்கள் என்பதை உங்கள் வாட்ஸ்அப் செய்தி ஏன் விட்டுவிட்டது?

ஃபின்லாந்து தன் யூதக் குடிமக்களை ஜெர்மனியிடம் ஒப்படைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அங்கே தஞ்சம் புகுந்திருந்த யூத அகதிகள் 8 பேரை 1942 நவம்பரில் அது ஒப்படைத்தது. போருக்குப் பின் உயிரோடு இருந்தவர் ஒருவர் மட்டுமே.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரும்புச் சிலுவை வாங்கிய யூதர்கள் ஜெர்மனிக்குள்ளேயே ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத்தில் சுமார் 1,00,000 யூதர்கள் பணியாற்றினர், சுமார் 12,000 பேர் இறந்தனர். போர்முனை சென்று வந்த யூத மருத்துவர்களுக்கு 1933-இல் தரப்பட்ட சலுகை நெடுநாள் நீடிக்கவில்லை. 1938 செப்டம்பர் 30-ஆம் நாளோடு யூத மருத்துவர் அனைவரின் உரிமமும் ரத்தாயிற்று, அனுமதி பெற்ற சிலர் யூதருக்கு மட்டும், அதுவும் மருத்துவர் என்ற பெயரின்றி, சிகிச்சை செய்யலாம் என்றார்கள். 1942 ஜனவரியில், யூதர்களை ஒழிக்கும் திட்டத்தைப் பேசுவதற்காக பெர்லினின் வான்சேயில் கூடிய நாஜி அதிகாரிகள், போரில் படுகாயமுற்ற யூதர்களுக்கும் முதல் வகுப்பு இரும்புச் சிலுவை பெற்ற யூதர்களுக்கும் தனிச் சலுகை ஒன்றைப் பேசி வைத்தார்கள். தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு அனுப்புவதே அந்தச் சலுகை. அங்கே அடைக்கப்பட்ட சுமார் 1,40,000 பேரில் 33,000 பேர் அந்த முகாமிலேயே இறந்தனர். கிட்டத்தட்ட 90,000 பேர் ஆஷ்விட்ஸ் முதலிய கொலைக்களங்களுக்கு ரயிலேற்றப்பட்டனர்.