வாசகர் கேள்விகள்: இத்தாலியில் நேட்டோவின் கடலடி ஆய்வு மையம்

கேள்வி: நேட்டோ ஒரு ராணுவக் கூட்டணி. அதற்கு இத்தாலியில் கடல் ஆராய்ச்சி மையம் எதற்கு? எப்போது வந்தது?
வாசகர், நாகர்கோவில்

பதில்: 1959 மே மாதம் வந்தது, லா ஸ்பெசியா என்ற துறைமுக ஊரில். அங்கே இத்தாலியக் கடற்படையின் பெரிய தளம் ஒன்று உண்டு. தொடங்கக் காரணம் சோவியத் நீர்மூழ்கிக் கப்பல்கள்தான். கடலுக்குள் ரேடார் வேலை செய்யாது, ரேடியோ அலையும் கொஞ்ச தூரத்திலேயே அடங்கிவிடும். அதனால் தொலைவில் இருக்கும் நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்க ஒலியை விட்டால் வேறு நல்ல வழி இல்லை. ஆனால் கடலில் ஒலி நேராகப் போகாது. வெப்பமும் அழுத்தமும் மாற மாற வளைந்துகொண்டே போகும். மத்தியதரைக் கடலில் கோடைக்காலத்தில் மேல்நீர் நன்றாகச் சூடாகிவிடும், கீழே போனால் அடிவரைக்கும் ஏறக்குறைய 13 டிகிரிதான். மேலிருந்து அனுப்பும் ஒலி இதனால் கீழ்நோக்கி வளைந்துவிடுகிறது. சில கிலோமீட்டர் தள்ளி மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும் நீர்மூழ்கி, அதைத் தேடும் கப்பலின் சோனாருக்கு (ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் கருவி) தெரியாமலே போகலாம். அதே ஒலி ஆழத்தில் அழுத்தத்தால் மறுபடி மேல்நோக்கித் திரும்பி, வெகு தொலைவில் மேற்பரப்புக்கு அருகே மீண்டும் குவியும். எந்தக் கடலில், எந்த மாதத்தில், எவ்வளவு தூரத்தில் இது நடக்கும் என்று கணக்குப் போட கடலையே படித்தாக வேண்டும். அதற்குத்தான் பல நாட்டு விஞ்ஞானிகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார்கள். முதல் சில வருடங்கள் அமெரிக்கப் பணத்தில் ஓர் இத்தாலிய நிறுவனத்தின் மூலம் நடந்து, 1963-ல் முறைப்படி நேட்டோவின் அமைப்பானது.

கேள்வி: இந்த மையத்தின் சோதனையால் திமிங்கிலங்கள் செத்தன என்கிறார்களே, உண்மையா?
கல்லூரி மாணவி, தூத்துக்குடி

பதில்: இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1996 மே 12, 13 தேதிகளில் கிரேக்க நாட்டின் கிபாரிசியா வளைகுடாவில், 38 கிலோமீட்டர் கரை நெடுகிலும் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பன்னிரண்டு அலகுத் திமிங்கிலங்கள் ஒதுங்கின. ஆழ்கடலிலேயே வாழும் இனம் அது, கூட்டமாகக் கரை ஒதுங்குவது மிக அபூர்வம். நோய்த்தொற்று போன்ற வழக்கமான காரணம் எதுவும் அகப்படவில்லை. பிறகு அலெக்சாண்ட்ரோஸ் ஃப்ரான்ட்ஸிஸ் என்ற கிரேக்க ஆய்வாளர், மாலுமிகளுக்குக் கிரேக்கக் கடற்படை விடுத்திருந்த ஓர் எச்சரிக்கை அறிவிப்பைப் பார்த்தார். மே 11 முதல் 15 வரை அதே பகுதியில் நேட்டோ ஆய்வுக் கப்பல் 'அலையன்ஸ்' (இந்த மையத்தின் கப்பல்தான்) ஒலி சோதனை நடத்துகிறது என்று அதில் இருந்தது. சக்திவாய்ந்த சோனார் சோதனை அது. இரண்டும் தற்செயலாக ஒரே நேரத்தில் அமைய 0.07 சதவீதத்துக்கும் குறைவாகவே வாய்ப்பு என்று கணக்கிட்டு, 1998-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்.

அந்த வருடமே மையம் வெளி நிபுணர்களையும் சேர்த்துக் குழு அமைத்தது. ஒலிதான் காரணம் என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது, இல்லை என்று ஒதுக்கவும் முடியாது என்பது குழுவின் முடிவு. இறந்த உடல்களில் காதுகளை முறையாக எடுத்து ஆராயாமல் விட்டது பெரிய இழப்பு, எனக்கு அது இன்றும் வருத்தம்தான். ஆனால் விஷயத்தை மூடி மறைக்காமல் அறிக்கையாக வெளியிட்டதைப் பாராட்டத்தான் வேண்டும். ராணுவ அமைப்புகளிடம் இதை அடிக்கடி பார்க்க முடியாது. அப்புறம் திமிங்கிலங்கள் எங்கே திரிகின்றன, சோதனைக்கு முன் அவற்றை எப்படிக் கண்டறிவது என்று தனி ஆய்வுத் திட்டமே தொடங்கினார்கள். கடற்படைச் சோனார் அலகுத் திமிங்கிலங்களுக்கு ஆபத்து என்பதை உலகம் கவனிக்கத் தொடங்கியதில் கிபாரிசியாவுக்குப் பெரிய பங்கு உண்டு.

கேள்வி: பனிப்போர் முடிந்த பிறகும் அந்த மையம் இருக்கிறதா?
வாசகர், மதுரை

பதில்: இருக்கிறது, பெயர்தான் பலமுறை மாறிவிட்டது. 2012 முதல் 'கடல்சார் ஆய்வு மற்றும் பரிசோதனை மையம்'. 1988-ல் வந்த 'அலையன்ஸ்' கப்பலும் ஓடுகிறது, இப்போது இத்தாலியக் கடற்படை மாலுமிகளோடு. ஆளில்லாத நீரடி ஊர்திகள்தான் இப்போது முக்கிய வேலை. வெவ்வேறு கம்பெனிகளின் கருவிகள் நீருக்குள் ஒன்றோடொன்று பேச முடியாமல் இருந்ததால், ஒலி மூலம் பேசுவதற்கு 'ஜானஸ்' என்ற பொது விதிமுறையை உருவாக்கினார்கள். 2017-ல் நேட்டோ அதைத் தரநிலையாக ஏற்றது. ராணுவம் சாராதவர்களும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.