தாய்மாமனும் தாய்ச் சந்தையும்

விடுமுறைக்குத் தாய்லாந்து போகிறவர்களும், அங்கிருந்து பிள்ளைகள் வரும் வீட்டுக்காரர்களும் எழுதிய கடிதங்களில் சந்தையைப் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

ஏப்ரல் கடைசியில் பாங்காக்கில் இருக்கும் லாத்தா (அக்கா) வீட்டுக்குப் போகிறேன். லாத்தா மகளுக்கு 6 வயது. தினமும் காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு பக்கத்துச் சந்தைக்கு நடந்து போய்வர ஆசை. எத்தனை மணிக்குக் கிளம்பலாம்? எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– தாய்மாமன் ஒருவர், கீழக்கரை

அங்கே மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை பள்ளி விடுமுறை. பிள்ளை வீட்டில்தான் இருக்கும். ஆனால் வெயில் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். தாய்லாந்து நேரம் நமக்கு ஒன்றரை மணி முந்தி; அங்கே காலை 6 என்றால் உங்கள் உடம்புக்கு அது 4.30. முதல் நாலைந்து நாள் எழுப்ப வேண்டியது பிள்ளையை அல்ல, மாமனைத்தான்.

மீன், இறைச்சி, காய், பழம், சமைத்த பலகாரம் எல்லாம் ஒரே கூரைக்குள் விற்கும் சந்தைக்கு அங்கே ‘தலாத் சொத்’ என்று பெயர். விடியுமுன்பே தொடங்கிவிடும். 5 மணிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சாப்பாட்டுக் கடைக்காரர்கள். மூட்டையும் தள்ளுவண்டியுமாக வேகமாகப் போவார்கள். பிள்ளையைப் பார்த்து ஒதுங்க அவர்களுக்கு நேரமில்லை. 8 மணிக்குப் பிறகு வெயிலும் வாடையும். அதனால் 6 மணிக்கு வாசலைத் தாண்டி 7.30-க்குள் வீடு திரும்பிவிடுங்கள்.

6 வயதுப் பிள்ளை நிற்காமல் நடந்தால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 20 நிமிடம். நிற்காத பிள்ளை எங்கே இருக்கிறது? பூனையைப் பார்க்கும், வீடுகளின் முன்னால் கம்பத்தில் வைத்திருக்கும் குட்டிக் கோயிலைப் பார்க்கும். 30 நிமிடம் என்றே கணக்கு வையுங்கள். சந்தை 800 மீட்டருக்குள் இருந்தால் போகவும் வரவும் நடை. அதற்கு மேல் என்றால் போகும்போது நடந்துவிட்டு, திரும்பும்போது வண்டி பிடியுங்கள். பை கனப்பதும் பிள்ளை ‘தூக்கு’ என்று கையை விரிப்பதும் எப்போதும் ஒரே நேரத்தில்தான் நடக்கும். வீட்டுக்கு வேண்டிய மீனும் காயும் வாங்குவதை லாத்தாவுக்கோ மச்சானுக்கோ விட்டுவிடுங்கள். பிள்ளையோடு போகும் நாளில் இரண்டு மூன்று பொருளுக்கு மேல் வாங்கப் புறப்பட்டால் ஒன்று பேரம் கெடும், இல்லை பிடி நழுவும்.

சந்தையில் ஆபத்தெல்லாம் பிள்ளையின் உயரத்தில் இருக்கிறது. மோட்டார் சைக்கிள்கள் சந்தைச் சந்துக்குள்ளேயே வரும். நின்றுகொண்டிருக்கும் வண்டியைக்கூட நம்ப முடியாது. இப்போதுதான் அணைத்த வண்டியின் சைலன்சர் சரியாகப் பிள்ளையின் கெண்டைக்காலில் படும். எண்ணெய்ச் சட்டியும் கரி அடுப்பும் அதன் முகத்துக்கு நேரே இருக்கும். கொதிக்கும் கஞ்சியையும் குழம்பையும் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, காற்று நிரம்ப ரப்பர் வளையம் போட்டுக் கொடுப்பார்கள். அந்தப் பையைப் பிள்ளையின் பக்கத்துக் கையில் தொங்கவிடாதீர்கள். ஆடி ஆடித் தோளில் படும். ஒரு கை பைக்கு, மறு கை பிள்ளைக்கு. பிள்ளை கடை ஓரமாக அல்ல, நடைபாதையின் நடுப்பக்கமாகவும் அல்ல, உங்களுக்கு அரை அடி முன்னால் நடக்கட்டும். காலுக்குப் பின்வார் வைத்த ரப்பர் செருப்பு. ஐஸ் உருகித் தரை எப்போதும் ஈரமாக இருக்கும். வழவழப்பான அடிப்பாகம் உள்ள ஷூ வழுக்கிவிடும்.

இன்னொன்று. உயிருள்ள விரால், கெளுத்தியைத் தொட்டியில் விட்டு, கேட்டவுடன் தலையில் அடித்து அங்கேயே வெட்டித் தருவார்கள். தவளை, விலாங்கு, பன்றித் தலை எல்லாம் பலகையில் இருக்கும். பிள்ளைக்கு அது பழக்கமாக இருக்கலாம், உங்களுக்கு இருக்காது. முகத்தைச் சுளிக்காமல் நடந்துவிடுங்கள்.

காலை 6 மணியைச் சுற்றிப் பிக்குகள் வெறுங்காலோடு பிச்சையெடுத்து வருவார்கள். பெண்கள் அவர்களைத் தொடக்கூடாது என்பது வழக்கம். சின்னப் பெண்ணானாலும் ஓடிப்போய் மோதாமல் ஓரமாக நிறுத்துங்கள். 8 மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வந்து எல்லோரும் நின்றால் நீங்களும் நில்லுங்கள். லாத்தா வீட்டு முகவரியைத் தாய் எழுத்தில் எழுதி வாங்கி ஒன்று உங்கள் சட்டைப்பையிலும் ஒன்று பிள்ளையின் பையிலும் வையுங்கள். அவசர மருத்துவ உதவிக்கு 1669, சுற்றுலாப் போலீசுக்கு 1155.

தங்கச்சி மகளுக்கு ஒன்றரை வயது. தள்ளுவண்டியில் வைத்துச் சந்தைக்குப் போகலாமா?
– மண்டபம் வாசகி

வேண்டாம். நடைமேடை ஏறி இறங்கும், இடையில் மின்கம்பம் நிற்கும், சந்தைக்குள் இரண்டு பேர் எதிரெதிரே போகவே இடம் இருக்காது. இடுப்பில் வையுங்கள்.

பலகையில் 25 என்று போட்டிருந்தது. அரைக்கிலோ இறால் வாங்கினேன். 125 பாத் கேட்டார்கள். ஏமாற்றிவிட்டார்களா?
– தொண்டி வாசகர்

இல்லை. அது கிலோ விலை அல்ல, ‘கீத்’ விலை. ஒரு கீத் என்றால் 100 கிராம். அரைக்கிலோவுக்கு 5 கீத், ஆக 125 சரிதான். இறால், இறைச்சி, கருவாடு, பலகாரம் இவற்றுக்குக் கீத் கணக்கு அதிகம். காய், பழத்துக்குக் கிலோ. பலகையில் எண்ணுக்கு முன்னால் உள்ள சொல் நமக்குப் படிக்கத் தெரியாததால் வரும் வினை இது. விலையைக் கேட்க ‘தாவ் ரை’. கேட்டுவிட்டு விரலால் ஒரு கீத் என்று காட்டி வாங்கிப் பாருங்கள். சமையல் பொருளுக்குப் பெரிதாகப் பேரம் பேசும் வழக்கமில்லை. ஆனால் கொசுறு உண்டு, ‘தேம்’ என்பார்கள். பச்சைமிளகாயோ கொத்தமல்லியோ ஒரு பிடி விழும். பக்கத்தில் பிள்ளை நின்றால் கேட்காமலே விழும்.

பிள்ளை கையில் பணம் கொடுக்க 20 பாத் பச்சை நோட்டுதான் ஏற்றது. 100 சிவப்பு, 500 ஊதா. 1,000 பாத் நோட்டை விடியற்காலையில் நீட்டினால் சில்லறைக்கு அலைவார்கள். முந்தின நாளே மாற்றிவையுங்கள்.

எங்கள் ஊரிலிருந்து ரத்தினக்கல் வியாபாரத்துக்குப் பாங்காக் போனவர்கள் நிறைய. ஆனாலும் சந்தையில் பிள்ளை கேட்பதை நம்பி வாங்கிக்கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது. எது ஹலால் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– கீழக்கரை வாசகி

தயக்கம் நியாயமானது. காலைச் சந்தையில் முதலில் மூக்கில் ஏறுவது ‘மூ பிங்’ என்ற பன்றிக் கம்பிக்கறியின் புகைதான். பிள்ளைகளை இழுப்பதும் அதுவே. இனிப்புச் சேர்த்துச் சுடுகிறார்கள். ‘ஜோக்’ என்ற குழைந்த அரிசிக்கஞ்சி பார்க்க நம் நோன்புக் கஞ்சி மாதிரி இருக்கும். உள்ளே பெரும்பாலும் பன்றி உருண்டை. தோற்றத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பாக்கெட் என்றால் ஹலால் முத்திரையைப் பாருங்கள். சந்தைக் கடைக்கு அரபி எழுத்தும் பிறையும் போட்ட பலகை, முக்காடு போட்ட பெண்கள் – இவைதான் அடையாளம். ரொட்டிக் கடைகளில் பெரும்பாலும் முஸ்லிம்கள்தான்: மாவை வீசி மெல்லிசாக்கி, வாழைப்பழம் வைத்து மடித்து, மேலே கட்டிப்பால் ஊற்றித் தருவார்கள். ஒரு ரொட்டியை இரண்டு பேர் தின்னலாம், இனிப்பு அத்தனை. பாங்காக்கில் பாங்ராக் பகுதியில் ஹாரூன் பள்ளிவாசலைச் சுற்றி ஹலால் கடைகள் இருக்கின்றன.

சந்தேகமான இடத்தில் ‘சை மூ மை?’ என்று கேளுங்கள். ‘பன்றி போட்டிருக்கிறதா?’ என்று பொருள். ஆனால் ‘இல்லை’ என்ற பதில் கறியைப் பற்றியது மட்டும். எண்ணெய் பன்றிக்கொழுப்பா, கத்தியும் பலகையும் எதற்கெல்லாம் போனது என்பது அதில் வராது. அதனால் பொரித்ததை விட்டு அவித்ததற்கும் பழத்துக்கும் போவது நிம்மதி: அவித்த சோளம், அவித்த நிலக்கடலை, இளநீர், மங்குஸ்தான், ரம்புத்தான். மிட்டாய்க் கடையில் ரப்பர் மாதிரி இழுபடும் ஜெல்லியில் ஜெலட்டின் இருக்கலாம், தவிர்த்துவிடுங்கள். தேங்காய்ப்பால் அடுக்கோடு துண்டு போட்டு விற்கும் ‘வுன்’ வேறு. அது நம் வீட்டில் நோன்புக்குக் காய்ச்சும் கடல்பாசியேதான்.

‘கானோம் க்ரோக்’ கடையைப் பார்த்தால் பிள்ளையைவிட நீங்கள் அதிக நேரம் நிற்பீர்கள். நம் குழிப்பணியாரக் கல்லின் அகன்ற அண்ணன் போல ஒரு சட்டி. குழியில் முதலில் அரிசிமாவுக் கரைசல். ஓரம் பிடித்ததும் மேலே இனிப்பும் உப்பும் கலந்த கெட்டித் தேங்காய்ப்பால். அதன்மேல் சோளமோ வெங்காயத்தாளோ தூவி மூடி போடுவார்கள். திருப்பிப் போடுவதில்லை. அதனால் அடி மொறுமொறுவென்றும் நடு பாலாகவும் இருக்கும். இரண்டு இரண்டாகக் கவிழ்த்து ஒட்டித் தருவார்கள். வெளியே ஆறினாலும் உள்ளே பால் கொதித்துக்கொண்டிருக்கும். ஒட்டியதைப் பிரித்து ஐந்து நிமிடம் ஆறவிடாமல் பிள்ளை வாயில் போடாதீர்கள். நாக்கு வெந்த பிள்ளை மறுநாள் சந்தைக்கு வராது.

நாங்கள் சைவம். அங்கே பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?
– இராமேஸ்வரம் வாசகர்

காய் மட்டும் தெரிகிறது என்று எதையும் வாங்கிவிடாதீர்கள். மீன் கசிவில் எடுத்த ‘நாம் ப்லா’ அங்கே உப்புக்குப் பதில். மசாலா விழுதில் இறால் விழுது. பப்பாளிக்காய் சாலட்டில் காய்ந்த இறால். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடை ‘ஜே’ கடை. அங்கே கறி, மீன், முட்டை, பால், வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. ‘மங்ஸவிரத்’ என்றால் முட்டை, பால் இருக்கலாம். மாம்சம், விரதி (விலகுதல்) என்ற வடசொற்கள்தான் அப்படித் திரிந்திருக்கின்றன. காலையில் சூடான சோயாப்பால், வாழையிலையில் மடித்து அவித்த வாழைப்பழக் கொழுக்கட்டை மாதிரியான ‘காவ் தோம் மத்’, பழம். இவை போதும்.

கடைக்காரர்களைப் பிள்ளை எப்படிக் கூப்பிட வேண்டும்?
– தேவிபட்டினம் வாசகர்

முறை வைத்துத்தான், நம்மைப் போலவே. வயதான பெண் ‘பா’, வயதானவர் ‘லுங்’. உங்களைவிடச் சற்று மூத்தவருக்குள்ள சொல் ‘பீ’. நம் காதில் வேறு மாதிரி விழும், சிரித்துவிடாதீர்கள். அம்மாவின் தம்பி, தங்கை இருவரும் பிள்ளைக்கு ‘நா’. அக்கா மகள், அண்ணன் மகன், பேரன், பேத்தி அத்தனை பேரும் ‘லான்’. கடைக்காரர் சின்னப் பெண்ணை ‘நூ’ என்பார். சுண்டெலி என்று பொருள், செல்லம்.

ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. மரியாதைக்குப் பேச்சின் முடிவில் ஆண் ‘க்ரப்’ என்பார், பெண் ‘கா’ என்பார். மாமன் சொல்லிக்கொடுத்தால் பெண்பிள்ளையும் ‘சவாத்தீ க்ரப்’ என்று வணங்கி நிற்கும். ‘சவாத்தீ கா’ என்று சொல்லிக்கொடுங்கள்.

எங்கள் பக்கம் பனைதான் எல்லாம். அங்கே பனை உண்டா? பிள்ளைக்குக் காட்டலாமா?
– சாயல்குடி வாசகர்

உண்டா என்றா கேட்கிறீர்கள்? தாய் மொழியில் சர்க்கரைக்கே ‘நாம் தான்’ என்று பெயர். நாம் என்றால் நீர், தான் என்றால் பனை. நம் பதநீர்தான் அங்கே சர்க்கரையானது. பெச்சபுரி பக்கம் பனங்காடு பேர்போனது. நுங்கைத் தோல் சீவிச் சந்தையில் விற்பார்கள். ‘லூக் தான்’ என்று கேளுங்கள்.

பார்க்க வேண்டியது ‘கானோம் தான்’. நாம் பனம்பழத்தைச் சுட்டுச் சப்புகிறோம். அவர்கள் அந்த மஞ்சள் சாற்றை நாரில்லாமல் பிசைந்து வடிகட்டி, அரிசிமாவு, தேங்காய்ப்பால், சர்க்கரை சேர்த்துப் புளிக்கவைத்து, வாழையிலைத் தொன்னையில் ஊற்றி அவிக்கிறார்கள். மேலே தேங்காய்த் துருவல். சரியாகப் புளித்தால் மேல்பக்கம் வெடித்து ஆப்பம் போலப் பஞ்சாக இருக்கும். புளிக்காத மாவு களியாகிவிடும்; வடிகட்டாத சாறு கசக்கும். சாறு பிழிய உங்கள் வீட்டில் ஆளிருந்தால் ஆவணியில் செய்து பாருங்கள். நிறத்துக்குச் சாயம் மட்டும் போட்டு விற்பதும் உண்டு, மூக்கருகே கொண்டுபோனால் தெரிந்துவிடும். பனம்பழ வாசனையை ஏமாற்ற முடியாது.

அண்ணன் மகள் மே மாதம் பாங்காக்கிலிருந்து வருகிறாள். 7 வயது. அங்கே தினமும் சந்தைக்குப் போன பிள்ளை. இங்கே காலையில் எங்கே கூட்டிப்போவது?
– பாம்பன், அத்தை ஒருவர்

அங்கே 6 மணிக்கு எழுந்த பிள்ளை இங்கே 4.30-க்கே கண் விழிக்கும். நமக்கு அது வசதி. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு மீன் வராது. துறைமுகத்துக்குப் போனால் கட்டிக்கிடக்கும் படகைத்தான் பார்க்கலாம். நாட்டுப்படகு கரை சேரும் இடத்துக்குப் போங்கள். சூடை, காரல், கணவாய், நண்டு வரும். ஏலக் கூட்டத்துக்குள் பிள்ளையை நுழைக்காதீர்கள். கூடைகள் தலைக்கு மேல் வராது, இடுப்பு உயரத்தில் இடித்துக்கொண்டு போகும். நண்டு வலையிலிருந்து நண்டைக் கழற்றுகிறவர்கள் உட்காரும் இடம் நல்லது. அவசரமில்லாத வேலை, பேச்சுக்கும் ஆளிருக்கும். நீலக்கால் நண்டைப் பார்த்ததும் பிள்ளை ‘பூ மா’ என்று சொல்லலாம். குதிரை நண்டு என்று பொருள். பழந்தமிழிலும் மா என்றால் குதிரை உண்டே.

மணலில் எறிந்து கிடக்கும் கெளுத்தியைத் தொடவிடாதீர்கள். செத்த மீனின் முள்ளும் குத்தும். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. குத்திவிட்டால் சுண்ணாம்பு, மஞ்சள் என்று தேடாமல், பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் முக்கிவையுங்கள். அந்த விஷம் சூட்டில் சிதையும், வலி இறங்கும். சூட்டை உங்கள் கையை விட்டுப் பார்த்த பிறகே பிள்ளையின் கையை விடுங்கள். வலியில் மரத்த விரலுக்குச் சூடு தெரியாமல் வெந்துவிடும். முள் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம் என்பதால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி, டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்பதையும் சொல்லுங்கள்.