Re: டென்னிஸ் ஆடும்போது வாட்சில் இதயத்துடிப்பு தாறுமாறாகக் காட்டுகிறது

ராலி (பந்து மாறி மாறி அடிபடும்போது) நடுவே நிமிடத்துக்கு 95, சர்வ் போட நிற்கும்போது 170 என்று காட்டுவதாகச் சொல்கிறீர்கள். கோளாறு பெரும்பாலும் உங்கள் இதயத்தில் இல்லை, வாட்ச் இருக்கும் இடத்தில்தான். ராக்கெட்டை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டை மடக்கும்போது சென்சார் தோலைவிட்டு விலகும். சென்சார் தோலில் ஒளி பாய்ச்சித்தான் துடிப்பை அளக்கிறது; இடைவெளியில் வெளி ஒளி உள்ளே புகுந்து அதைக் குழப்பிவிடும். ராக்கெட் பிடிக்காத கைக்கு மாற்றி, மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே இறுக்கிக் கட்டுங்கள். இரண்டு கை பேக்ஹேண்ட் என்றால் அதுவும் உதவாது. மார்பில் கட்டி இதயத்துடிப்பை அளக்கும் பட்டைதான் சரி. அதன் எலக்ட்ரோடுகளை (தோலில் படும் மின்உணர் பகுதிகளை) நனைத்துக் கட்டாவிட்டால் முதல் சில நிமிடம் உளறும்.

பாயின்ட் சில நொடிகளில் முடிந்துவிடும், துடிப்போ தாமதமாகத்தான் ஏறும். அதனால் உச்ச எண்ணைவிட, பாயின்டுகளுக்கு இடையே எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். கலோரிக் கணக்கைப் பெரிதாக நம்பாதீர்கள். ஆடி முடித்து அரை மணி கழித்து, சிரமத்துக்கு 0–10 மதிப்பெண் போட்டு ஆடிய நிமிடங்களால் பெருக்குங்கள்: சிரமம் 7, ஆட்டம் 90 நிமிடம் என்றால் 7 × 90 = 630. வாராவாரம் ஒப்பிட இதுவே போதும்.