மீட்டர்ல பிஎச் 6.6, லேப் ரிப்போர்ட்ல 7.4: போர் தண்ணிக்கு எதைங்க நம்பறது?

உங்க மீட்டரும் பொய் சொல்லல, லேப்பும் பொய் சொல்லலங்க. ரெண்டும் பார்த்தது ஒரே தண்ணிய இல்ல, அவ்வளவுதான்.

நிலத்தடி தண்ணியில கார்பன் டை ஆக்சைடு நிறைய கரைஞ்சிருக்கும், மேல வந்து காத்து பட்டதும் சோடா மூடிய திறந்த மாதிரி அது கெளம்பிடும், அது போகப் போக தண்ணியோட அமிலத்தன்மை கொறையும், அதாவது பிஎச் ஏறும், பாட்டில் லேப் போய் சேர்றதுக்குள்ள 6.6ங்கறது 7.4 ஆகறது ஒண்ணும் அதிசயமில்ல. அதனாலதான் தண்ணி எடுத்த 15 நிமிஷத்துக்குள்ள பிஎச்சை பார்த்துடணும்பாங்க. குளோரினும் அப்படித்தான். வெப்பநிலைய பத்தி சொல்லவே வேணாம், அதை பாட்டில்ல அடைச்சு அனுப்ப முடியாது.

நான் இந்த வேலைக்கு வந்த புதுசுல ஒரு போர்ல கண்ணாடி மாதிரி தண்ணி பிடிச்சு அப்படியே அனுப்பிட்டேன். மறுநாள் பாட்டிலுக்கு அடியில செம்மண் கரைச்ச மாதிரி வண்டல், மேல தெளிஞ்சதை மட்டும் எடுத்து டெஸ்ட் பண்ணிட்டாங்க போல, இரும்பு கிட்டத்தட்ட இல்லன்னு ரிப்போர்ட். கரைஞ்சிருந்த இரும்பு ஆக்சிஜன் பட்டு துருவா படிஞ்சிருச்சு. பிடிக்கும்போதே கொஞ்சம் நைட்ரிக் ஆசிட் விட்டு பிஎச்சை 2க்கு கீழ கொண்டுபோயிருந்தா அது கரைஞ்சே இருந்திருக்கும். தப்பு என்னுது, ஆனா லேப்பைத்தான் ஒரு வாரம் திட்டிக்கிட்டு இருந்தேன்.

குளம், ஏரின்னா இன்னொரு சிக்கல் இருக்கு, நேரம். பாசி பகல்ல ஆக்சிஜனை விடும், ராத்திரி பூரா எல்லா உயிரும் சேர்ந்து அதை இழுக்கும், அதனால விடியக்காலைலதான் ரொம்ப கம்மியா இருக்கும், மீன் சாகறதும் அப்பதான். மத்தியானம் 2 மணிக்கு ஒரு பாட்டில் பிடிச்சு எவ்வளவு நல்ல லேப்ல குடுத்தாலும் எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு வரும்.

அதுக்காக மீட்டர் போதும்னு நினைச்சுடாதீங்க. டிடிஎஸ் மீட்டரை (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பு மாதிரி பொருளோட மொத்த அளவ காட்டறது) விட்டு பார்த்துட்டு '150தான் இருக்கு, தாராளமா குடிக்கலாம்'னு சொல்றவங்கள பார்த்தா எனக்கு பத்திக்கிட்டு வரும். அது மின்கடத்தும் திறனை அளந்து 0.5லேர்ந்து 0.7க்குள்ள ஏதோ ஒரு எண்ணால பெருக்கி காட்டுது, அவ்வளவுதான் அதுக்கு தெரியும். ஆர்சனிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அது 50 இருந்தாலும் அந்த மீட்டர்ல எள்ளளவு மாற்றம் தெரியாது. ஈயமும் அதே கதை, ஈ கோலை கிருமியும் அதே கதை. இதுக்கெல்லாம் லேப்தான், கிருமிக்குன்னா ஸ்டெரைல் (கிருமி நீக்கின) பாட்டில்ல பிடிச்சு ஐஸ் பெட்டியில வெச்சு அன்னிக்கே சேர்த்துடுங்க.

உங்க விஷயத்துல பிஎச்சுக்கு நான் 6.6ஐத்தான் எடுத்துப்பேன், அன்னிக்கு பிஎச் 4, 7னு தெரிஞ்ச பஃபர் கரைசல்ல மீட்டரை கேலிபரேட் பண்ணியிருந்தீங்கன்னா. பண்ணலன்னா அந்த 6.6க்கும் மதிப்பில்ல. மீட்டரோட எலெக்ட்ரோடை (தண்ணிக்குள்ள விடற முனை) டிஸ்டில்டு வாட்டர்ல ஊறப்போட்டு வெச்சிருக்கீங்களா? நிறைய பேர் அப்படி செஞ்சுதான் கெடுக்கறாங்க, பொட்டாசியம் குளோரைடு கரைசல்ல வைக்கணும். அப்புறம் மோட்டார் போட்டதும் வர்ற முதல் தண்ணிய பிடிக்காதீங்க, அது குழாய்ல கிடந்த தண்ணி, மீட்டர்ல எண் ஆடாம நிக்கிற வரைக்கும் ஓடவிட்டு பிடிங்க.