பாஸ்டர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் என்ன வேலை?

கேள்வி கேட்டவர் அடியில் இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறார்: ரெண்டு மணி நேரம் பேசுவதற்கு எதற்குச் சம்பளம், எதற்கு வீடு? பதில் எழுத வேண்டாம் என்று மூன்று நாள் பேசாமல்தான் இருந்தேன். முடியவில்லை.

உங்களிடம் யாரோ சந்தா பாக்கிக்கு ரசீதுப் புத்தகத்தை நீட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு பாஸ்டர் ஏதோ காகிதம் கேட்டு நாலு தடவை அலைய விட்டிருக்க வேண்டும். சும்மா இருக்கிற ஒருவருக்கு இந்தக் கேள்வி வராது. கோபம் நியாயமாகவே இருக்கலாம், எனக்குத் தெரியாது. யூடியூபில் வெள்ளைக் கோட்டும் வெள்ளை ஷூவுமாக வருகிறவர்களைப் பார்த்துக் கேட்டிருந்தால் அவர்களிடமே கேளுங்கள், அந்தக் கணக்கு என்னிடம் இல்லை. நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பாஸ்டர். ஈரோடு, பவானி பக்கம்தான் ஊழியத்தில் பாதி நாள் போயிருக்கிறது. சம்பளம் என்று கேட்டால், எங்கள் சபையில் தறிப் பட்டறை வைத்திருப்பவர் அவர் மேஸ்திரிக்குக் கொடுப்பது என்னுடையதைவிட அதிகம். இதைப் பெருமைக்கும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை.

முதலில் ஞாயிற்றுக்கிழமையே ரெண்டு மணி நேரம் கிடையாது. டவுன் ஆலயத்தில் எட்டரைக்கு, அதை முடித்துக்கொண்டு ஒரு கிராமத்தில் பதினொன்றரைக்கு, சாயங்காலம் இன்னொரு கிராமத்தில். நீங்கள் பார்ப்பது மூன்றில் ஒன்று. மற்ற நாளில் ஞானஸ்நானச் சான்றிதழ், கல்யாண ஓலை (ஆலயத்தில் வாசிக்கிற கல்யாண அறிவிப்பு), ரிஜிஸ்டர். 1872ஆம் வருடத்துக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம்தான் இன்றைக்கும். காலை 6 மணியிலிருந்து சாயங்காலம் 7 மணிக்குள் கல்யாணத்தை நடத்த வேண்டும் என்கிறது சட்டம். நம்ம ஆட்கள் சட்டத்துக்குப் பயப்படுவதில்லை, ராகு காலத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். "நாங்க அதெல்லாம் பாக்கறதில்லீங்க பாஸ்டரய்யா" என்பார்கள், ஆனால் வெள்ளிக்கிழமை என்றால் பத்தரைக்குள் தாலி ஏறிவிட வேண்டும், என் பிரசங்கம் அதற்குத் தகுந்த மாதிரி சுருங்க வேண்டும்.

அப்புறம் வீடு சந்திப்பு. இதுதான் வேலை, மற்றதெல்லாம் எழுத்து வேலை. புதிதாக வந்தபோது ஒரு தறிக்காரர் வீட்டில் நாலு தறியையும் நிறுத்தச் சொல்லி உட்கார்ந்து சங்கீதம் வாசித்து, ஊர் உலகத்துக்கெல்லாம் சேர்த்து இருபது நிமிஷம் ஜெபித்துவிட்டுத் திருப்தியாக எழுந்தேன். அந்த வீட்டு அக்கா காபி கொடுத்துக்கொண்டே, "ஜெபம் நல்லாருந்துச்சுங்க, ஆனா அஞ்சாறு மீட்டர் போச்சுங்க" என்றார். மீட்டர் கூலி. தறி நின்றால் கூலியும் நின்றது. அன்றிலிருந்து தறி ஓட ஓடத்தான் ஜெபம், தொண்டை கிழியக் கத்துவேன், அவர்கள் அறுந்த நூலை முடிந்துகொண்டே ஆமென் சொல்வார்கள். பயபக்தி இல்லை என்று யாராவது வந்தால் வரட்டும்.

இனி நான் சொல்ல வந்தது. இதைச் சபையில் யாரிடமும் சொன்னதில்லை, பெயர் இல்லாத இடம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஏழெட்டு வருடம் இருக்கும். ஒரு தறிக்கார வீட்டில் ஒரு பாட்டி, எண்பது தாண்டியவர். நடக்க முடிந்த வரைக்கும் தறிக்குத் தார் நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார், அப்புறம் கட்டில். நவம்பர் கடைசியில் அவர் மகள் போன் செய்தார். "அம்மா ராப்போஜனம் கேக்குதுங்க பாஸ்டருங்க, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க." இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சை ரசமும் வாங்குவதுதான், பழைய ஆட்கள் திருவிருந்து என்று சொல்ல மாட்டார்கள், ராப்போஜனம்தான். ஆலயத்துக்கு வர முடியாதவர்களுக்குச் சின்னப் பெட்டியில் வீட்டுக்கே எடுத்துப் போவோம். வீட்டிலிருந்து பைக்கில் பத்து நிமிஷம். வர்ற வியாழன் வர்றேங்கம்மா என்றேன்.

அந்த வியாழன் நாங்கள் குடியிருக்கும் ஆயர் இல்லத்து போர் மோட்டார் எரிந்துவிட்டது, மெக்கானிக்கோடு நாள் போனது. அடுத்த வாரம் சபைக் கமிட்டி. கமிட்டியைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் முதலில் வந்தது லண்டன் மிஷன். ஈரோட்டில் பிரப் ரோட்டில் துணி எடுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த பிரப் லண்டன் மிஷனில் வேலை செய்த ஆஸ்திரேலியப் பாதிரியார் என்று தெரியுமோ. அந்த மிஷன் வழக்கத்தில் சபைதான் முதலாளி. 1947 செப்டம்பர் 27ஆம் தேதி ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் எல்லாரோடும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆன பிறகு எங்களுக்கும் பிஷப் வந்தார். ஆனால் சபைதான் முதலாளி என்கிற அந்தக் குணம் மட்டும் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வருகிற மாதிரி வந்துகொண்டே இருக்கிறது. நல்ல குணம்தான், ஒரு ஆள் இஷ்டத்துக்கு எதுவும் நடக்காது. ஆனால் அன்றைக்கு நாங்கள் பேசியது, கிறிஸ்துமஸ் பவனி முதல் ராத்திரி எந்தத் தெருவில் ஆரம்பிப்பது, டீ யார் வீட்டில். ராத்திரி பத்தே முக்கால் ஆகிவிட்டது. மூன்றாவது வாரம் அந்தப் பவனியே வந்துவிட்டது, விடியற்காலை மூன்று மணி வரைக்கும் கிடார், டிரம், சாண்டா முகமூடி. மகளுக்கு போன் செய்து நாளைக்குக் கண்டிப்பாக என்றேன். அந்த நாளைக்கும் வேறு ஏதோ வந்தது. என்னவென்று இப்போது ஞாபகம்கூட இல்லை.

புதன்கிழமை விடியற்காலை 4.40க்கு போன்.

போனேன். பாட்டியை வாசலுக்குக் கொண்டு வந்து பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். ஜெபம் செய்துவிட்டு, கை கழுவ உள்ளே போனால் கட்டில் பக்கத்தில் ஒரு மர முக்காலி. அதன்மேல் வெள்ளைத் துண்டு, மடிப்புக்கோடு தெரிய விரித்தது, அதன்மேல் சின்ன எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றதை மகள் கவனித்துவிட்டார். "அது உங்களுக்குத்தானுங்க. பெட்டி வெக்கறதுக்கு. தெனமும் தொவச்ச துண்டா மாத்தச் சொல்லும்." அதோடு நிறுத்தியிருந்தால் நான் எப்படியோ தாங்கியிருப்பேன். அவர் அழ ஆரம்பித்துவிட்டார். "ரெண்டு நாளா நாந்தானுங்க மாத்தல. பாஸ்டரு இன்னைக்கும் வர மாட்டாருன்னு உட்டுட்டேன். அம்மா பாத்துட்டே இருந்துச்சு. தப்புத்தானுங்க, எனக்காக ஜெபம் பண்ணுங்க."

அந்தம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்!

நான் ஒன்றும் சொல்லவில்லை. தலையில் கை வைத்தேன், வார்த்தை வரவில்லை, எடுத்துவிட்டேன். அடக்கத்தில் பிரசங்கம் செய்யவில்லை, ஆராதனைப் புத்தகத்து ஒழுங்கில் இருப்பதை வாசித்தேன், அவ்வளவுதான். பாஸ்டர் இன்றைக்குச் செய்தியே கொடுக்கவில்லையே என்று கமிட்டியில் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கல்லறைத் தோட்டத்துக்கும் வாலிபர்கள் பேட்டரி போட்டு கீபோர்டைத் தூக்கி வந்திருந்தார்கள். அடக்கப் பாட்டுக்கு என்ன தாளம் வேண்டியிருக்கிறது? பட்டனை அமுக்கினால் அது பாட்டுக்கு டிஸ்கோ மாதிரி அடிக்கிறது, பாடுகிறவர்கள் அதன் பின்னால் ஓடுகிறார்கள். பழைய கீர்த்தனைகளை ஓய்வுநாள் பள்ளியில் தொடையில் தட்டித் தட்டிக் கற்றவர்கள் நாங்கள். இப்போது ஒரு பையனுக்காவது ஆதி தாளம் போடத் தெரியுமா? கேட்டால் பாஸ்டர் பழைய பஞ்சாங்கம். சரி, எங்கேயோ போய்விட்டேன்.

ராப்போஜனம் வாங்காமல் இறந்ததால் அந்தப் பாட்டிக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அவருடைய இரட்சிப்பு என் பைக்கில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. நானும் மதுரை அரசரடியில் இறையியல் படித்தவன்தான், கீழே வந்து வசனத்தோடு விளக்க வேண்டாம். கத்தோலிக்க நண்பர்களும் உங்கள் ஒழுங்கை இங்கே சொல்ல வேண்டாம், புண்ணியமாகப் போகும். அந்த விளக்கத்தை மகளிடம் சொன்னால் ஆறுதல். எனக்கு நானே சொல்லிக்கொண்டால் சாக்கு.

அடுத்து வந்த லெந்து நாட்கள் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) முழுக்க எனக்கு ஜெபம் வரவில்லை. ஊருக்காக ஜெபித்தேன், அது பழகிய வாய், தானாக ஓடும். தனியாக உட்கார்ந்தால் முக்காலிதான். இதை விசுவாசக் குறைவு என்பீர்களோ என்னவோ. கடவுள் இல்லை என்று ஒரு நாளும் தோன்றியதில்லை, அவர் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. வீட்டுக்காரம்மாவிடம் மட்டும் சொன்னேன். "நல்லதாப் போச்சு, கூச்சமாவது இருக்கே" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டார்.

புனித வெள்ளிக்கு முந்தின நாள், பெரிய வியாழன் ராத்திரி ஆராதனையில் அந்த மகள் வந்து மண்டியிட்டார். நூல் இழுத்து இழுத்துக் கோடு விழுந்த விரல்கள், இரண்டு கையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து நீட்டினார். என் கையிலிருந்துதான் வாங்கினார். பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கிற மாதிரி ஆமென் சொன்னார். எதற்கு அவ்வளவு சத்தம் என்றால், தறிச் சத்தத்திலேயே சொல்லிப் பழகியவர். எனக்கு மட்டும் அது வேறு மாதிரி கேட்டது. அன்றைக்கு ராத்திரி ஜெபம் வந்தது. இதற்குமேல் விளக்கத் தெரியவில்லை.

இப்போது வியாழக்கிழமை கமிட்டி வைப்பதில்லை, அன்றைக்கு முடியாதவர்கள் வீட்டுக்கு ராப்போஜனம். பிஷப் வந்தாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் என்று சொல்லியிருக்கிறேன் (அவரிடம் நேரில் சொல்லவில்லை, செயலாளரிடம்). சின்னப் பெட்டி ஒன்று, அதில் கிண்ணம், தட்டு, பாட்டில். பன்னீர் திராட்சையைச் சர்க்கரை போட்டு வீட்டிலேயே காய்ச்சிவிடுவோம்.

இன்றைக்கும் வியாழன்தான், நாலு வீடு இருக்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்காரம்மா பாட்டிலைக் கழுவித் துடைத்து மேஜைமேல் வைத்துவிட்டு ரெண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். மூன்றாவது தடவை வருவதற்குள் கிளம்புகிறேன். பின்னூட்டங்களுக்கு ராத்திரிதான் பதில்.