டேக்அவுட் ஜெனரல் ட்ஸோ, வீட்டில் டோஃபுவில்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்காவில் எந்த ஊர் சைனீஸ் டேக்அவுட், அதாவது பார்சல், கடையிலும் ஜெனரல் ட்ஸோ சிக்கன் இருக்கும். மொறுமொறுவென்று பொரித்த கோழி, அதன்மேல் இனிப்பும் புளிப்பும் காரமுமாகப் பளபளக்கும் சாஸ், ஓரத்தில் நாலு துண்டு பிராக்கலி. என் மகள் இறைச்சி, முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டபோது அவள் ஏங்கியது இந்த ஒன்றுக்குத்தான். அன்று தொடங்கி எத்தனையோ தடவை இதை டோஃபுவில், அதாவது சோயா பன்னீரில், செய்துவிட்டேன். நீங்கள் கேட்டவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

அக்கா, மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் எண்ணெயில் போட்டதும் மாவு பிரிந்துபோகிறது, உள்ளே சொதசொதவென்று இருக்கிறது. மாவில் என்ன தப்பு?

மாவில் தப்பில்லை தங்கச்சி, தண்ணீரில்தான் தப்பு. எக்ஸ்ட்ரா ஃபர்ம் என்று போட்டிருக்கும் டோஃபுவில்கூட ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான். சூடான எண்ணெயில் அது ஆவியாகி வெளியே வரும்போது மேலே ஒட்டிய மாவைத் தள்ளிக்கொண்டு வருகிறது. இந்தச் சமையலில் பாதி வேலை அடுப்பு பற்றவைக்கும் முன்னாலேயே முடிந்துவிட வேண்டும்.

நான் செய்வது இது. வாங்கி வந்த பாக்கெட்டை அப்படியே ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். மறுநாள் எடுத்தால் பழைய தந்தம் மாதிரி மஞ்சளாக இருக்கும். பயப்பட வேண்டாம், உருகியதும் வெள்ளையாகிவிடும். உள்ளே இருந்த தண்ணீர் பனிக்கட்டியாகி விரியும்போது சின்னச் சின்னப் பொந்துகளை உண்டாக்கிவிடுகிறது. முழுவதும் உருகிய பிறகு இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்தினால், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் பிழிவதுபோலத் தண்ணீர் கொட்டும். அந்தப் பொந்துகள்தான் பிறகு சாஸை உறிஞ்சும், மெல்லும்போது நார் நாராகப் பிடிமானமும் கொடுக்கும். சீனாவின் குளிர் மிகுந்த வடபகுதிகளில் உறைந்த டோஃபு வெகுகாலமாகப் புழங்கும் பண்டம்.

இன்றே செய்ய வேண்டுமென்றால் டோஃபுவைத் துணியில் சுற்றி, மேலே இரும்பு தோசைக்கல்லை வைத்து அரை மணி நேரம் விடுங்கள். அதற்கும் நேரமில்லையா? துண்டுகளை உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடித்து, துணியில் பரப்பி ஆறவிடுங்கள். சூட்டில் புரதம் இறுகி, உள்ளிருக்கும் நீரைத் தானே வெளியே தள்ளும்.

இன்னொன்று, கத்தியால் வெட்டாமல் கையால் பிய்த்துப் போடுங்கள். வழவழப்பான சதுரத்தில் மாவு நிற்காது, கரடுமுரடான ஓரங்களில் நன்றாகப் பிடிக்கும்.

கார்ன்ஃப்ளார் என்று கேட்டு வாங்கினேன், மஞ்சளாக இருக்கிறது. பொரித்தால் வடை மாதிரி வருகிறது.

இங்கே வந்த புதிதில் நானும் இதில் ஏமாந்தேன். நம் ஊரில் கார்ன்ஃப்ளார் என்கிற வெள்ளைப் பொடிக்கு அமெரிக்காவில் கார்ன்ஸ்டார்ச் என்று பெயர். இங்கே கார்ன்ஃப்ளார் என்றால் மக்காச்சோளத்தை முழுதாக அரைத்த மாவு. உங்களுக்கு வேண்டியது ஸ்டார்ச். உருளைக்கிழங்கு ஸ்டார்ச் கிடைத்தால் இன்னும் மொறுமொறுப்பு. மைதா கலக்கவே வேண்டாம்.

தூவும் முறை: 14 அவுன்ஸ் பாக்கெட், அதாவது ஏறத்தாழ 400 கிராம் டோஃபுவுக்கு ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ் விட்டுப் பிசறுங்கள். அரை கப் ஸ்டார்ச்சை மூன்று தடவையாகத் தூவுங்கள். முதல் தடவை ஈரத்தில் கரைந்து பசையாகும், இரண்டாவது அதில் ஒட்டும், மூன்றாவது உலர்ந்த தூளாக மேலே நிற்கும். அந்தக் கடைசித் தூள்தான் மொறுமொறுப்பு. தூவிய கையோடு எண்ணெயில் போட்டுவிடுங்கள், காத்திருந்தால் அதுவும் ஈரமாகிவிடும்.

சாஸுக்கு அளவு சொல்லுங்கள். நான் செய்தால் ஒன்று கஞ்சி, இல்லாவிட்டால் பசை.

ஒரு கிண்ணத்தில் மூன்று மேசைக்கரண்டி சோயா சாஸ், இரண்டு மேசைக்கரண்டி ரைஸ் வினிகர், மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை, கால் கப் தண்ணீர், இரண்டு தேக்கரண்டி கார்ன்ஸ்டார்ச். எல்லாவற்றையும் அடுப்புக்குப் போகும் முன்பே கரைத்து வையுங்கள். ஊற்றும் முன் ஒருமுறை அடிவரை கலக்க வேண்டும், ஸ்டார்ச் அடியில் கல்லாகப் படிந்திருக்கும்.

இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் விதை உதிர்த்த காய்ந்த மிளகாய் எட்டு, பொடியாக நறுக்கிய இஞ்சி ஒரு அங்குலம், பூண்டு நான்கு பல். மிளகாய் கருகக் கூடாது, நிறம் ஆழ்ந்தால் போதும். உடனே கரைசலை ஊற்றிக் கிளறுங்கள். முதலில் நுரை நுரையாகச் சின்னக் குமிழ்கள் வரும், நிறமும் கலங்கலாக இருக்கும். அரை நிமிடத்தில் கலங்கல் தெளிந்து கண்ணாடிபோல ஆகும், குமிழ்கள் பெரிதாகி மெதுவாக வெடிக்கும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுங்கள். கோடு ஒரு கணம் நின்று மூடினால் அதுதான் பதம். கொதி வராமல் ஸ்டார்ச் கெட்டியாகாது. வினிகர் இருப்பதால் வெகுநேரம் கொதித்தாலும் மறுபடி நீர்த்துவிடும். உங்களுக்குக் கஞ்சியாக வந்தது இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும்.

வினிகருக்குப் பதில் புளி ஊற்றலாமா என்று நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், அது வேறு குழம்பாகிவிடும். ரைஸ் வினிகர் இல்லையென்றால் சாதா வெள்ளை வினிகரைக் கொஞ்சம் குறைத்து ஊற்றுங்கள், அதில் புளிப்பு அதிகம்.

கடைசியில் நல்லெண்ணெய் விடச் சொல்கிறார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த செக்கு எண்ணெய் விட்டேன், அந்தக் கடை வாசனை வரவில்லையே?

வராது. நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டுவது. அவர்கள் எள்ளைச் சிவக்க வறுத்துப் பிழிகிறார்கள். டோஸ்டட் செஸமி ஆயில் என்று சின்ன பாட்டிலில் கிடைக்கும், காப்பி நிறத்தில் இருக்கும். அடுப்பை அணைத்த பிறகு ஒரு தேக்கரண்டி விட்டால் போதும். அதைச் சூடாக்கித் தாளித்தால் வாசனை போய்விடும்.

பொரித்தவுடன் நன்றாக இருக்கிறது. சாஸில் போட்டு மேசைக்குக் கொண்டுவருவதற்குள் ஊறிவிடுகிறது.

இரண்டு தடவை பொரியுங்கள். முதல் தடவை 325 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில், நிறம் மாறாமல் நான்கு நிமிடம். எடுத்துக் கம்பி வலையில் பத்து நிமிடம் வையுங்கள், காகிதத்தில் வேண்டாம், அடியில் ஆவி கோத்துக்கொள்ளும். இந்தப் பத்து நிமிடத்தில் உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் மேல்தோலுக்கு வருகிறது. இரண்டாவது தடவை 375 டிகிரியில் ஒரு நிமிடம் போட்டால் அதுவும் பறந்துவிடும். சாரணியில் எடுத்துக் குலுக்கினால் கூழாங்கல் மாதிரி சத்தம் கேட்க வேண்டும்.

பிறகு வரிசை முக்கியம். சாதம் தட்டில், சாப்பிடுகிறவர்கள் நாற்காலியில், அதன்பிறகுதான் டோஃபு சாஸுக்குள். அடுப்பை அணைத்துவிட்டுப் போட்டு, இருபது விநாடி புரட்டி, உடனே பரிமாறுங்கள்.

ஏர் ஃப்ரையர் வைத்திருப்பவர்களுக்கு: எண்ணெய் தெளித்து 400 டிகிரியில் பதினைந்து நிமிடம், நடுவில் ஒரு குலுக்கு. பொரித்தது போல வராது, ஆனால் வார நாளுக்கு நல்ல ஏற்பாடு. எண்ணெய் தெளிக்காவிட்டால் வெள்ளை மாவு திட்டுத் திட்டாக அப்படியே நிற்கும்.

இது உண்மையிலேயே சீன உணவா? யார் அந்த ஜெனரல்?

ஸுவோ ஸோங்டாங் என்ற சிங் வம்சத்துத் தளபதி, ஹுனான் மாகாணத்துக்காரர், 1812 முதல் 1885 வரை வாழ்ந்தவர். இந்தப் பண்டத்தை அவர் சாப்பிட்டிருக்கவே முடியாது. இதை உருவாக்கியவர் பெங் சாங்-குவே என்ற ஹுனான் சமையல்காரர். 1949இல் கம்யூனிஸ்டுகளிடம் தோற்ற சீன தேசியவாத அரசோடு தைவானுக்குப் போனவர், 1950களில் அங்கே ஒரு விருந்துக்காகச் சமைத்துத் தன் ஊர்த் தளபதியின் பெயரை வைத்தார். அவர் செய்ததில் சர்க்கரை கிடையாது. உப்பு, புளிப்பு, பூண்டு, காரம், அவ்வளவுதான். 1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் சீன உணவகங்கள் இதை எடுத்து, மொறுமொறுப்பாக்கி, இனிப்பும் சேர்த்தன. பெங் 2016இல் தைபேயில் காலமானார்.

அவர் கை ருசி எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசையிருந்தால் சர்க்கரையை ஒரு தேக்கரண்டியாகக் குறைத்து, வினிகரைக் கொஞ்சம் கூட்டிச் செய்யுங்கள். எனக்கு இப்போதெல்லாம் அதுதான் பிடிக்கிறது. என் மகளுக்குக் கடை இனிப்பு இருந்தால்தான் ஆயிற்று.

கடையிலேயே ஜெனரல் ட்ஸோ டோஃபு கிடைக்கிறதே. அதை வாங்கிச் சாப்பிட்டால் போதாதா?

போதும், கேட்டு வாங்கினால். நாங்கள் ஒரு வருடம் ஒரே கடையில் அதை வாங்கிச் சாப்பிட்டோம். ஒருநாள் மகள் தற்செயலாக விசாரித்தபோதுதான் சாஸ் கோழி ஸ்டாக்கில், அதாவது கோழி வேகவைத்த சாற்றில், செய்வது என்று சொன்னார்கள். மெனுவில் டோஃபு என்று மட்டும்தான் போட்டிருந்தது. அவள் அழுதுவிட்டாள். நான் இதைச் சிரத்தையாகக் கற்றுக்கொண்டதே அதற்குப் பிறகுதான்.

கேட்க வேண்டியவை மூன்று: சாஸில் சிக்கன் ஸ்டாக் உண்டா, ஆய்ஸ்டர் சாஸ் உண்டா, கோழி பொரிக்கும் எண்ணெயிலேயே டோஃபுவும் பொரிகிறதா. "நோ மீட்" என்று சொன்னால் இறைச்சித் துண்டு வேண்டாம் என்றுதான் பல இடங்களில் எடுத்துக்கொள்வார்கள். ஆய்ஸ்டர் சாஸ் சிப்பியிலிருந்து வருவது. காளானில் செய்த சைவ வகை ஆசியக் கடைகளில் கிடைக்கிறது, லேபிளில் வெஜிடேரியன் என்று பார்த்து வாங்குங்கள். என் மகளைப் போல முட்டை, பால்கூடத் தொடாத வீகன்கள் இன்னொன்றும் கவனிக்கிறார்கள்: அமெரிக்காவில் சில வெள்ளைச் சர்க்கரையை எலும்புக் கரியில் வடிகட்டுகிறார்கள். ஆர்கானிக் சான்று பெற்ற சர்க்கரையில் அது கிடையாது.

மாமியார் வந்திருக்கிறார். வெங்காயம், பூண்டு சேர்க்க மாட்டார். இதில் பூண்டை விட்டால் ருசி இருக்குமா?

தாராளமாக இருக்கும். சீன பௌத்தக் கோயில் சமையலே பூண்டு, வெங்காய வகைகள் இல்லாமல்தான் நடக்கிறது. அவர்கள் விலக்கும் ஐந்து காட்டமான பொருள்களின் பட்டியலில் நம் பெருங்காயமும் உண்டு என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். பூண்டுக்குப் பதிலாக நாம் எதைத் தேடி ஓடுவோமோ அதையே அவர்கள் பூண்டோடு சேர்த்து ஒதுக்கிவிட்டார்கள்!

நீங்கள் இஞ்சியை இரட்டிப்பாக்குங்கள். காய்ந்த ஷிடாகே காளான் நான்கை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, சாஸில் தண்ணீருக்குப் பதில் அந்த நீரை ஊற்றுங்கள். காளானையும் நறுக்கிச் சேருங்கள். கொஞ்சம் வெள்ளை மிளகுத்தூள். மாமியார் காளானும் சாப்பிட மாட்டார் என்றால், வெந்நீரில் துளி பெருங்காயம் கரைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுக்கு அது சரிதான்.

இதற்கும் கோபி மஞ்சூரியனுக்கும் என்ன வித்தியாசம்? காலிஃபிளவரில் இதைச் செய்யலாமா?

மஞ்சூரியன் இந்தியாவில் பிறந்தது. அதில் பச்சை மிளகாய், வெங்காயம், கொத்தமல்லி முன்னே நிற்கும், இனிப்பு குறைவு. இதில் காய்ந்த மிளகாயும் இனிப்புப் புளிப்பும்.

காலிஃபிளவரில் நன்றாகவே வரும். ஆனால் புழுவுக்குப் பயந்து வெந்நீரில் போட்டு எடுக்கும் பழக்கம் நமக்கு உண்டு. போட்டால் நன்றாக உலர விடுங்கள், ஒவ்வொரு பூவுக்குள்ளும் ஒரு மடக்கு தண்ணீர் ஒளிந்திருக்கும். மீல் மேக்கரும் அப்படித்தான், ஊறவைத்த பிறகு கை வலிக்கப் பிழிய வேண்டும்.

எனக்கு ரத்தக் கொதிப்பு. சோயா சாஸ் உப்பு எவ்வளவு?

சாதாரண சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம். இந்த அளவுக்கு மொத்தம் நான்கு கரண்டி போகிறது, நான்கு பேர் பங்கிட்டால் ஆளுக்கு 900. இங்கே பெரியவர்களுக்கு நாள் முழுவதற்கும் சொல்லும் எல்லையே 2300தான். லெஸ் சோடியம் என்று போட்டதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு, அதை வாங்குங்கள். லைட் சோயா சாஸ் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், சீன வகையில் லைட் என்பது நிறத்தைத்தான் குறிக்கும், உப்பு நிறையவே இருக்கும்.

கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு?

சோயா சாஸில் கோதுமை உண்டு. குளூட்டன் ஃப்ரீ என்று எழுதிய தமாரி என்ற ஜப்பானிய சோயா சாஸை வாங்குங்கள். பெருங்காயம் சேர்த்தால் அதன் லேபிளையும் பாருங்கள், பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். மற்ற எதிலும் பிரச்சினை இல்லை.

மிச்சமானால் மறுநாள் எப்படி? பிள்ளை ஹாஸ்டலுக்குக் கொண்டுபோக ஆசைப்படுகிறான்.

கலந்துவிட்டதைக் காப்பாற்ற முடியாதம்மா. கொடுத்தனுப்புவதாக இருந்தால் பொரித்ததைத் தனி டப்பாவில், சாஸைத் தனி பாட்டிலில் கொடுங்கள். பொரித்தது சூடு முழுவதும் ஆறும்வரை மூடி போட வேண்டாம். அங்கே ஓவனோ ஏர் ஃப்ரையரோ இருந்தால் 400 டிகிரியில் எட்டு நிமிடம். மைக்ரோவேவ் மட்டும்தான் என்றால் சாஸை மட்டும் அதில் சுடவைத்து, டோஃபுவை ஒரு வாணலியில் எண்ணெய் விடாமல் புரட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். சாஸ் ஃப்ரிட்ஜில் கட்டியாகியிருக்கும், ஒரு கரண்டி தண்ணீர் விட்டுக் கலக்கினால் இளகிவிடும்.